தர்மாஸ்பத்திரியின் வரலாற்றை எழுதுவது எப்படி: நேட்டால் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கடற்கரையோரக் கரும்புத் தோட்ட ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஏதேனும் ஒரு மருத்துவமனையில் பிறந்தவரோ, காசநோய்க்காக அங்கே மாதக்கணக்கில் கிடந்தவரோ, அங்கே தாதியாகப் பயின்றவரோ ஒருவர் இருக்கிறார். அந்த மருத்துவமனைகளில் சில அரசிடம் போய்விட்டன, சில தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறிவிட்டன, சில மூடப்பட்டுவிட்டன. அவற்றின் கதையை எழுதிவைக்கவேண்டும் என்று கோவில் சங்கத்தாரும் பங்குச் சபையினரும் ஓய்வுபெற்ற தாதியரும் ஆசிரியர்களும் அவ்வப்போது முனைவதுண்டு. அவ்வாறு எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன: கப்பலிலிருந்து இறங்கிய அன்னையர், தகரக் கொட்டகை, கல்கட்டடம், பொன்விழா, ஆயரின் ஆசியுரை, இறுதியில் கண்ணீரோடு கையளிப்பு. மருந்து குடித்தவர் அந்த நூல்களில் வருவதே இல்லை.

இந்த வழிகாட்டி வேறொரு முறையைச் சொல்கிறது. மூன்று கேள்விகளை முன்வைத்துக்கொண்டு தொடங்குக: நிலம் யாருடையது, பணம் யாருடையது, படுக்கை யாருக்குக் கிடைத்தது? இம்மூன்றுக்கும் ஆவணத்தைக் கொண்டு விடை சொல்ல முடிந்தால் வரலாறு பாதி எழுதப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். கன்னியரின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இக்கேள்விகளை நான் முன்வைக்கவில்லை. அந்தத் தியாகம் எவ்வளவு, அது யாரைச் சென்று சேர்ந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தச் சபை என்பதை முதலில் உறுதிசெய்தல்

ஊரார் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்று ஒரே பெயரால் குறிப்பிடுபவை பல வகைப்பட்டவை. கத்தோலிக்கக் கன்னியர் நடத்தியது எது, ஆங்கிலிக்கன் திருச்சபையினர் நடத்தியது எது, அமெரிக்க மிஷனரிமார் நடத்தியது எது என்று பிரித்தறியாமல் ஆவணம் தேடப் புறப்பட்டால் தவறான வாசலில் காத்திருக்க நேரும். நேட்டாலில் கத்தோலிக்கப் பணி 1852இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களின் வருகையோடு தொடங்கியது. பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலிருந்து வந்த அகஸ்டினியக் கன்னியர் 1890களில் எஸ்ட்கோர்ட்டிலும் டர்பனிலும் மருத்துவப் பணியைத் தொடங்கினர். டர்பன் பேரேயாவில் இன்று தனியார் நிறுவனமொன்று நடத்தும் செயின்ட் அகஸ்டின்ஸ் மருத்துவமனையின் பெயரே அதற்குச் சாட்சி. மரியன்ஹில் மடத்தை 1882இல் நிறுவிய பிரான்ஸ் ஃபன்னர் 1885இல் தொடங்கியது திரு இரத்தக் கன்னியர் சபை. மரியன்ஹிலின் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை 1927இல் எழுந்தது. நேட்டாலுக்கு வெளியே பார்த்தால், ஜோகன்னஸ்பர்க்கின் தொடக்ககால மருத்துவமனையில் திருக்குடும்பக் கன்னியர் பணியாற்றினர். கிம்பர்லியில் பணியாற்றிய ஹென்றியெட்டா ஸ்டாக்டேல் ஆங்கிலிக்கன் துறவி. தாதியரை அரசே பதிவுசெய்யும் முறை உலகில் முதன்முதலாக 1891இல் கேப் காலனியின் சட்டத்தில் இடம்பெற்றதற்கு அவருடைய முயற்சி முக்கியக் காரணம்.

சபை எது என்று தெரிந்தால் ஆவணத்தின் மொழியும் தெரிந்துவிடும். அகஸ்டினியரின் பழைய தாள்களைப் படிக்கப் பிரெஞ்சு தேவைப்படும். திரு இரத்தக் கன்னியரின் தாள்கள் ஜெர்மன் மொழியில், அதுவும் இன்றைய ஜெர்மானியரே தடுமாறும் பழைய கையெழுத்து முறையில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரை முன்கூட்டியே தேடிவைத்துக்கொள்வது நலம். பக்கங்களைப் படமெடுத்து வைத்துவிட்டுப் பிறகு ஆள் தேடலாம் என்று நினைப்பவர்களின் படங்கள் ஆண்டுக்கணக்கில் கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

செயின்ட் எய்டன்ஸ் மருத்துவமனை பற்றி ஒரு சொல். டர்பன் இந்தியர்களின் நினைவில் பழைய தர்மாஸ்பத்திரி என்றதும் முதலில் எழுவது அதுதான். ஆனால் அதன் மூலவர் கன்னியர் அல்லர். மருத்துவரும் ஆங்கிலிக்கன் குருவுமான லான்சலாட் பார்க்கர் பூத். பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையால் பூத்தின் பொறுப்பில் ஒரு சிறு தர்மாஸ்பத்திரி தொடங்கியதையும், தாம் அங்கே நாள்தோறும் ஒன்றிரண்டு மணிநேரம் நோயாளிகளின் குறைகளைக் கேட்டு மருத்துவரிடம் சொல்லி மருந்து கொடுத்துவந்ததையும், வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமான ஒப்பந்தக் கூலிகள் என்பதையும் காந்தி தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். கன்னியர் மருத்துவமனையைப் பற்றி எழுதுபவரும் இந்தச் சில வரிகளை ஒருமுறை ஊன்றிப் படிக்கவேண்டும். கொடுத்தவர் பார்சி வணிகர், நடத்தியவர் கிறித்தவக் குரு, மருந்து பெற்றவர் தோட்டத் தொழிலாளி என்று மூன்று தரப்பும் சில வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. நம் நூலின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இந்த மூன்று தரப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நிலம்

நேட்டாலின் நிலப் பத்திரங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. மனை எண்ணைக் கொண்டு பின்னோக்கிச் சென்றால், அந்த நிலம் கரும்புத் தோட்டக்காரரிடமிருந்து வந்ததா, நகராட்சி கொடுத்ததா, இந்திய வணிகர் ஒருவர் எழுதிவைத்ததா என்பது தெரியவரும். நிலம் யார் பெயரில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்: ஆயரின் பெயரிலா, கன்னியர் சபையின் பெயரிலா, தனி அறக்கட்டளையின் பெயரிலா? பல பத்தாண்டுகள் கழித்து மருத்துவமனை மூடப்பட்டபோதோ விற்கப்பட்டபோதோ முடிவெடுத்தவர் யார், பணம் யாரிடம் போனது என்பதற்கான விடை இந்த ஒரு வரியில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தால், குறிப்பாக எந்த இனத்தார் அந்த நிலத்தில் குடியிருக்கலாம், கூடாது என்னும் நிபந்தனை இருந்தால், அதைச் சுருக்காமல் அப்படியே படியெடுக்கவேண்டும்.

பணம்

கணக்குப் புத்தகம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் அதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சம்பளம் வாங்காத கன்னியரின் உழைப்பு செலவுப் பக்கத்தில் ஏறாது. பத்துக் கன்னியர் இரவும் பகலும் பார்த்த வேலைக்குக் கணக்கில் காணப்படுவது அரிசி, மாவு, துணி, காலணி ஆகியவற்றின் செலவு மட்டுமே. ஆகவே ‘குறைந்த செலவில் நடந்தது’ என்று எழுதுவது பிழை. செலவின் பெரும்பகுதியைக் கன்னியர் தம் உடலால் கொடுத்தார்கள். அதேபோல் சலவைக்காரர், சமையற்காரர், தோட்டக்காரர், இரவுக் காவலர் ஆகியோருக்குக் கொடுத்த கூலியைத் தனியே எடுத்துப் பட்டியலிடுக. அவர்களில் சூலு இன ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் எவ்வளவு பெற்றார்கள் என்பது தெரியும்போது தர்மத்தின் மறுபக்கமும் தெரியும்.

வரவுப் பக்கத்தில் கட்டணம் செலுத்திய நோயாளிகளின் பங்கு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். கன்னியர் நடத்திய சானடோரியங்கள் பலவற்றின் வழக்கம், வசதியுள்ள வெள்ளையரிடம் தனி அறைக்குக் கட்டணம் வாங்கி, அந்த வருவாயிலிருந்து ஏழைகளைக் கவனிப்பது. நீங்கள் எழுதும் மருத்துவமனையும் அவ்வாறு நடந்திருக்குமானால், இலவசப் படுக்கைகள் எத்தனை, கட்டணப் படுக்கைகள் எத்தனை, அந்த விகிதம் எந்த ஆண்டில் மாறியது என்பதை ஆண்டறிக்கைகளிலிருந்து தொகுக்கவேண்டும். நன்கொடையாளர் பட்டியலில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் பெயர்கள் இருந்தால் அவற்றை ஒரு துணைப்பட்டியலாகத் தருவது நல்லது. விழா மலர்கள் இந்தப் பெயர்களை வழக்கமாக விட்டுவிடுகின்றன.

அரசு கொடுத்த உதவித்தொகையைத் தேட, அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது தெரிந்திருக்கவேண்டும். 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது மருத்துவமனைகளும் அறநிலையங்களும் மாகாணங்களின் பொறுப்பில் விடப்பட்டன. எனவே உதவித்தொகை பற்றிய கடிதங்கள் நேட்டால் மாகாண நிர்வாகத்தின் கோப்புகளில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்புண்டு. தொற்றுநோய் தொடர்பானவற்றுக்கு 1919ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திற்குப் பின் மத்திய சுகாதாரத் துறையும் பொறுப்பேற்றதால், காசநோய், தொழுநோய் பற்றிய தாள்களைப் பிரிட்டோரியாவிலும் தேடவேண்டும். தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி இருபது ஆண்டு கடந்த அரசு ஆவணங்கள் பொதுவாகப் பார்வைக்குத் திறந்தவை. காப்பகத்திற்கு நேரில் போகுமுன் இணைய அட்டவணையில் கோப்பு எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரே மருத்துவமனையை ஊர்ப் பெயர், புனிதர் பெயர், சபைப் பெயர் என மூன்று விதமாகவும் தேடாமல் ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

படுக்கை: நோயாளிப் பதிவேட்டைப் படிக்கும் முறை

இதுவே இந்த வேலையின் உயிர்நிலை; நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் தகும். சேர்க்கைப் பதிவேட்டில் பொதுவாகப் பெயர், வயது, இனம், மதம், ஊர் அல்லது தோட்டம், நோய், சேர்ந்த நாள், வெளியேறிய அல்லது இறந்த நாள் ஆகியவை இருக்கும். ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குக் குடியேற்ற எண்ணும் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பதிவேடுகளில் அந்த எண்ணுக்கு எதிரே தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு வரியாக நிற்கும் மனிதரை இந்த எண்ணைக் கொண்டு வட ஆற்காட்டின் ஒரு கிராமம்வரை பின்தொடர முடியும். தமக்கு எண் இல்லாத, நேட்டாலிலேயே பிறந்தவர்களைப் பெற்றோரின் எண்ணைக் கொண்டு தேடவேண்டும்.

பெயர்களைக் கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுப் படிப்பதே பயன் தரும். பிரெஞ்சுக் கன்னியரும் ஜெர்மன் கன்னியரும் தங்கள் காதில் விழுந்தவாறு எழுதினார்கள்; தோட்டத்து எழுத்தர் எழுதியனுப்பிய துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதியதும் உண்டு. முனுசாமி ‘மூன்சாமி’ ஆவதும், கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆவதும், முதலி ‘மூட்லி’ ஆவதும் நமக்குப் பழகியவைதாம். பதிவேட்டில் இவற்றைவிட விபரீதமான உருவங்கள் வரும். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை சேர்ந்திருக்கலாம். எண், வயது, தோட்டம் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தினாலன்றி இருவரை ஒருவராகக் கொள்ளக் கூடாது. கணினி அட்டவணையில் மூல எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பத்தியும் நீங்கள் ஊகிக்கும் தமிழ்ப் பெயருக்கு வேறொரு பத்தியும் வைத்துக்கொள்க; மூலத்தை ஒருபோதும் திருத்தவேண்டாம்.

நோயின் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறியவை. ‘தைசிஸ்’ என்று எழுதியிருப்பது நுரையீரல் காசநோய்; ‘எண்டெரிக்’ என்பது டைபாய்டு; ‘டெபிலிட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால், பட்டினியும் மிகை உழைப்பும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கக் கூடும் என்று சந்தேகிக்க இடமுண்டு. தோட்டங்களில் தொழிலாளரின் உடல்நிலை எப்படி இருந்தது என்பதற்கு 1872ஆம் ஆண்டுக் கூலி ஆணையத்தின் அறிக்கையையும் 1885–87 ராக் ஆணையத்தின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் படித்தால் வெற்றுச் சொற்கள் பேசத் தொடங்கும்.

அடுத்து, பொது வரலாற்றில் நன்கு தெரிந்த சில நாட்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கங்களை மட்டும் முதலில் திறந்து பாருங்கள். 1918 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா. 1929 முதல் 1932 வரை கரும்பு நிலங்களில் பரவிய மலேரியா. 142 பேர் மாண்ட 1949 ஜனவரி டர்பன் கலவரம். அந்த நாட்களில் யார் சேர்க்கப்பட்டார்கள், தாழ்வாரத்தில் படுக்க வைக்கப்பட்டார்களா, வெள்ளையர் பிரிவில் காலியிடம் இருந்தும் பிறர் திருப்பி அனுப்பப்பட்டார்களா என்பவற்றைப் பார்த்தால் மருத்துவமனையின் உண்மையான விதிகள் வெளிப்படும். அச்சிட்ட விதிமுறையில் ‘இனமத வேறுபாடின்றி’ என்று இருக்கும். வேறுபாடு இருந்ததா இல்லையா என்பதைக் கட்டட வரைபடமும் பதிவேடுமே சொல்லும். சிகிச்சை மாறியதையும் இதே பதிவேடு காட்டும்: 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் புழக்கத்துக்கு வந்த பிறகு காசநோயாளிகள் தங்கிய நாட்களும் இறந்தோர் தொகையும் எப்படி மாறின என்று ஒரு சிறு வரைபடம் போட்டால், அது பல பக்க உரைநடைக்கு ஈடாகும்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றிப் பேசாமல் செல்ல முடியாது. மரணத் தறுவாயில் இருந்தவருக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, ஞானஸ்நானம் கொடுப்பதைக் கன்னியர் தம் கடமையாகக் கருதினர். பங்குப் பதிவேட்டில் அது குறிக்கப்படும். அந்தக் குழந்தையின் தாய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவளாக இருந்திருக்கலாம். அவளிடம் கேட்டார்களா என்பதைப் பதிவேடு சொல்லாது. இதை மறைப்பதும் நேர்மையன்று; இதை வைத்துக்கொண்டு மருத்துவமனை முழுவதையும் மதமாற்றக் கூடம் என்று வசைபாடுவதும் நேர்மையன்று. எத்தனை இறப்பில் எத்தனை ஞானஸ்நானம் என்று எண்ணிக்கையைச் சொல்லி, அக்காலக் கத்தோலிக்க நம்பிக்கை என்ன என்பதையும் இரண்டு வாக்கியங்களில் விளக்கி, தீர்ப்பை வாசகரிடம் விடுவதே முறை.

நோயாளியின் இரகசியம் காக்கப்படவேண்டியது. உயிரோடிருப்பவரைப் பற்றிய மருத்துவச் செய்தியைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் இருமுறை காக்கிறது: 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தாலும், 2013இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தாலும். இறந்தவரானாலும் தொழுநோய், மனநோய், திருமணத்திற்கு முன் பிறந்த பிள்ளை ஆகியவை பற்றிப் பெயரிட்டு எழுதுமுன் அந்தக் குடும்பத்தின் மூத்தவரிடம் கேட்டுக்கொள்வதே நம் மரபுக்கு ஏற்றது.

கன்னியர் எழுதியவை

ஒவ்வொரு மடத்திலும் ஒரு நாளாகமம் எழுதப்பட்டுவந்தது. யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், எந்த நாளில் புயல் கூரையைத் தூக்கியது, எந்த நாளில் அரிசி தீர்ந்தது என்பவை அதில் இருக்கும். அது சபையின் சொத்து; அரசுக் காப்பகத்தில் கேட்பதுபோல உரிமையோடு கேட்க முடியாது. சபைத் தலைவிக்குக் கடிதம் எழுதும்போது நீங்கள் யார், எதற்காக எழுதுகிறீர்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்க்க விரும்புகிறீர்கள், அச்சுக்கு முன் மேற்கோள்களை அவர்களுக்குக் காட்டுவீர்களா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காட்டுவதாகச் சொல்லலாம், அனுமதி பெற்றே முடிவுரை எழுதுவேன் என்று மட்டும் வாக்களித்துவிடக் கூடாது. ஐரோப்பாவிலுள்ள தாய் மடங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் படிகளையும் கேளுங்கள். உள்ளூர் நாளாகமத்தில் அடக்கமாகச் சொல்லப்பட்டது அங்கே மனம் திறந்து எழுதப்பட்டிருக்கலாம். மாறாக, நன்கொடை திரட்ட ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட மிஷன் பத்திரிகைகளில் துன்பமும் நன்றியும் ஒருபடி மிகையாகவே இருக்கும்.

பேறுகால மருத்துவம் பற்றி எழுதுவோர் தெரிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. துறவறத்தார் பேறுகாலப் பணியில் ஈடுபடுவதைத் திருச்சபையின் பழைய ஒழுங்கு நெடுங்காலம் விரும்பவில்லை. 1936 பிப்ரவரியில் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தல்தான் மிஷன் நாடுகளில் கன்னியர் பிரசவ மருத்துவம் பயில வழிதிறந்தது. நாற்பதாண்டுப் பழைமையுள்ள மருத்துவமனையில் பிரசவ வார்டு மட்டும் 1930களின் இறுதியில் திடீரெனத் தோன்றினாலோ, அதற்குமுன் பிரசவம் பார்த்தவர்கள் எல்லோரும் துறவறம் பூணாத தாதியராக இருந்தாலோ, பணப்பற்றாக்குறை என்று ஊகிக்குமுன் இந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

வாய்மொழி

நோயாளிகளாகவும் ஊழியராகவும் இருந்தவர்களைத் தேட, மருத்துவமனையின் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் போதாது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் முதலிய இடங்களிலிருந்த இந்தியரை வேரோடு பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. சாட்ஸ்வொர்த்தின் முதியோர் மன்றங்களிலும் கோவில் அன்னதானப் பந்தியிலும் பங்குக் கோவிலின் ஞாயிறு திருப்பலி முடிந்த பின்னும் கேட்டுப் பார்ப்பதே பலன் தரும். புரட்டாசி மாதத்தில் சனிக்கிழமைகளில் கோவில்களில் பெரியவர்கள் நிறையக் கூடுவார்கள். அக்காலத்து மூத்தவர்களை ஐயா, அம்மா, ஆயா, தாத்தா என்று அழைத்து, காப்பியோ தேநீரோ குடித்து முடிந்த பிறகு ஒலிப்பதிவுக் கருவியை எடுப்பதுதான் முறை. ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் பெற்றுவிடவேண்டும்.

‘அங்கே கன்னியர் நல்லவர்களா?’ என்று கேட்டால் ‘தெய்வம் மாதிரி’ என்ற விடைதான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது. எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள், யார் பக்கத்துப் படுக்கையில் இருந்தார், சோறு கொடுத்தார்களா, மீலி பாப் என்னும் மக்காச்சோளக் கூழா, வீட்டுச் சாப்பாடு கொண்டுவர விட்டார்களா, எந்த மொழியில் பேசினார்கள், யார் மொழிபெயர்த்தார், பார்வையாளர் நேரம் எது, எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். இதில் மொழிபெயர்த்தவர் யார் என்ற கேள்வியை விடவே கூடாது. தமிழறியாத கன்னியருக்கும் ஆங்கிலமறியாத கிழவிக்கும் நடுவே நின்றவர் ஒரு வார்டு ஆயாவாகவோ, சூலுவும் தமிழும் கலந்து பேசிய சலவைக்காரராகவோ இருந்திருப்பார்; எந்த ஆண்டறிக்கையிலும் அவர் பெயர் வராது.

இன்னொரு சிக்கல்: தென்னாப்பிரிக்காவில் துறவியையும் ‘சிஸ்டர்’ என்பார்கள், பதிவுபெற்ற மூத்த தாதியையும் ‘சிஸ்டர்’ என்பார்கள். முதியவர் ‘ஒரு சிஸ்டர் என்னைத் திட்டினார்’ என்று சொன்னால், தலையில் முக்காடு இருந்ததா, தோளில் பட்டை இருந்ததா என்று அங்கேயே கேட்டுவிடவேண்டும். தாதியரின் பயிற்சி வரலாற்றைச் சரிபார்க்கத் தாதியர் மன்றத்தின் பதிவு உதவும்; 1957ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் பதிவேட்டையே இனவாரியாகப் பிரித்தது என்பதை மனத்தில் கொண்டு தேடுக.

படமும் கட்டடமும்

தேதியிடப்படாத குழுப்படங்களுக்குக் கன்னியரின் உடையே நாட்காட்டி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்ததைத் தொடர்ந்து சபைகள் உடையை எளிமையாக்கின. தரைதொடும் அங்கியும் நெற்றியை மூடிய கஞ்சிபோட்ட முக்காடும் இருந்தால் படம் அதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கட்டடம் அறுபதாண்டு கடந்ததாக இருந்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டப்படி அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. இன்றைய குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அமாஃபா என்னும் அமைப்பு இதைக் கவனிக்கிறது. முன்பு யாரேனும் விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பில் நல்ல வரைபடங்கள் கிடைக்கலாம். கன்னியரின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு கல்லிலும் உள்ள பெயரையும் ஆண்டையும் படியெடுக்கவேண்டும். டைபாய்டாலும் காசநோயாலும் முப்பது வயதுக்குள் மாண்ட கன்னியர் எத்தனை பேர் என்று அங்கே தெரியும்.

செய்தித்தாள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேட்டால் மெர்க்குரி 1852 முதலும், இந்தியன் ஒப்பீனியன் 1903 முதலும், பி. எஸ். ஐயரின் ஆப்ரிக்கன் குரோனிக்கிள் 1908 முதலும் வந்தன. பின்னிரண்டிலும் தமிழ்ப் பகுதிகள் வெளிவந்த காலங்கள் உண்டு. ஆங்கிலப் பகுதியில் இல்லாத மனக்குறைக் கடிதங்களை அங்கே தேடலாம். சதர்ன் கிராஸ் 1920இல் கத்தோலிக்க வார இதழாகத் தொடங்கியது; அடிக்கல் விழாக்களின் நாள்களுக்கு அது போதும்.

கைமாறிய கதை

இறுதி அத்தியாயத்தில் ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளவேண்டும். 1960களுக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து புதிய கன்னியர் வருவது குறைந்தது. சம்பளம் கொடுத்துத் தாதியரை வைக்கவேண்டியபோது கணக்கு கட்டவில்லை. 1936இல் கிங் எட்வர்ட் மருத்துவமனையும், 1969இல் சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனையும் திறக்கப்பட்டபோது நோயாளிகள் அங்கே போயினர். 1970களில் நிறவெறி அரசு மிஷன் மருத்துவமனைகள் பலவற்றை எடுத்து கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய ‘ஹோம்லேண்ட்’ பகுதிகளின் நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. உங்கள் மருத்துவமனைக்கு இவற்றுள் எது எந்த ஆண்டில் வந்து மோதியது என்பதை நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கொண்டு வரிசைப்படுத்துக. ‘அரசு பிடுங்கிக்கொண்டது’ என்று ஊரார் சொல்வதும் ‘நாங்களாகவே கையளித்தோம்’ என்று சபை சொல்வதும் ஒரே கடிதப் போக்குவரத்தின் இரு பக்கங்களாக இருப்பதுண்டு.

எழுதி முடித்தபின், நூலுக்குரிய பன்னாட்டு எண்ணை (ISBN) தேசிய நூலகத்திடம் பெற்று, சட்டப்படியான வைப்புப் படிகளை அனுப்பவேண்டும்; வைப்பு நூலகங்களில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே இருக்கும் எம்சுந்தூசி நகராட்சி நூலகம். ஒலிப்பதிவுகளையும் பதிவேட்டு அட்டவணையையும் ஒப்புதல் படிவங்களோடு வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்திடமோ டர்பனின் 1860 மரபுரிமை மையத்திடமோ ஒப்படைப்பதைப் பற்றி முன்னரே பேசி வைத்துக்கொள்க. உயிரோடிருப்பவர்களின் மருத்துவச் செய்தி உள்ள கோப்புகளைத் தனியே பிரித்து, எந்த ஆண்டுவரை மூடிவைக்கவேண்டும் என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். நாளாகமத்தைக் காட்டிய சபைக்கும், பேட்டி தந்த ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு படி போகவேண்டும். அச்சுச் செலவைக் கணக்கிடும்போது இந்தப் படிகளையும் சேர்த்தே கணக்கிடுக.